புளோரிடாவில் குழந்தைக்கேற்ற கல்விக்கு அரசு உதவித்தொகை: எந்த வழி எந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2023 மார்ச் 27 அன்று கையெழுத்திட்ட சட்டம், அதே ஆண்டு ஜூலை 1 முதல் கல்வி உதவித்தொகைக்கு இருந்த வருமான வரம்பை நீக்கிவிட்டது. அதுவரை குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் உரியதாக இருந்த இந்தத் தொகைக்கு, இப்போது அம்மாநிலத்தில் குடியிருந்து அரசுப் பள்ளியில் சேரத் தகுதியுள்ள எந்தக் குழந்தையின் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவுவதோடு நில்லாமல், எந்தப் பள்ளியிலும் முழுநேரமாகச் சேராமல் பெற்றோரே வடிவமைக்கும் கல்விக்கும் அச்சட்டம் ஒரு புதிய திட்டத்தை உருவாக்கியது. ‘பர்சனலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம்’ என்ற அந்தத் திட்டத்தைப் பெற்றோர்கள் சுருக்கமாகப் ‘பெப்’ என்கிறார்கள். தம்பா, ஆர்லாண்டோ, ஜாக்சன்வில் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருப்பதால், அவர்கள் முன் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி எவ்வளவு கிடைக்கும் என்பதே. அது நியாயமான கேள்விதான் என்றாலும், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாநிலச் சட்டத்தின் பார்வையில் உங்கள் குழந்தை எந்த வகை மாணவராக இருக்கப் போகிறார்? புளோரிடாவில் ஒரு குழந்தை கட்டாயக் கல்வி விதியை நிறைவு செய்வதற்கு அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, மாவட்டத்தில் பதிவு செய்த வீட்டுக்கல்வி, பெப் என்று தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் ஒரு கதவின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஒவ்வோர் உதவித்தொகையும் இந்தக் கதவுகளில் ஒன்றோடோ இரண்டோடோ கட்டப்பட்டிருக்கிறது. பணத்தின் அளவை மட்டும் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, பிறகு குழந்தையின் நிலையை அதற்கேற்ப மாற்ற முனைந்தால், கல்வியாண்டின் நடுவில் நிதி நின்றுபோவதும் மாவட்ட அலுவலகத்திலிருந்து வருகைப் பதிவு குறித்து விசாரணைக் கடிதம் வருவதும் நேரக்கூடியவை. ஆகவே பள்ளி நிலையை முதலில் முடிவு செய்து, அந்த நிலைக்கு எந்த நிதி பொருந்துகிறது என்று பார்ப்பதே சரியான வரிசை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பெப்: பணமும் பொறுப்பும் ஒரே கையில்

பெப் திட்டம், 2001-இல் தொடங்கிய புளோரிடா வரிச்சலுகை உதவித்தொகைச் சட்டத்தின் ஒரு பிரிவாக இயங்குகிறது. நிறுவனங்கள் மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய வரிக்கு ஈடாக உதவித்தொகை அமைப்புகளுக்கு நன்கொடை அளிக்கின்றன. அந்த அமைப்புகள் அதைக் குழந்தைகளின் கணக்குகளுக்குப் பிரித்து வழங்குகின்றன. இதை நிர்வகிக்க மாநிலம் ஏற்றுக்கொண்டுள்ள அமைப்புகள் ‘ஸ்டெப் அப் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்’, ‘ஏ.ஏ.ஏ. ஸ்காலர்ஷிப் ஃபவுண்டேஷன்’ ஆகியவை. முதல் ஆண்டில் 20,000 குழந்தைகளுக்கு என்று உச்சவரம்பு வைத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் 40,000 வீதம் அதை உயர்த்திச் செல்லச் சட்டம் இடமளித்தது. குடும்ப வருமானம் கூட்டரசின் வறுமைக்கோட்டு அளவில் 185 விழுக்காட்டுக்குள் இருப்போருக்கு முதல் முன்னுரிமையும், 400 விழுக்காடு வரை இருப்போருக்கு அடுத்த முன்னுரிமையும் உண்டு. எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்பதற்கும் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடும் என்பதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் தங்கள் இடம் வரிசையின் பின்பகுதியில் இருப்பதை மனத்தில் கொண்டு, காலம் தாழ்த்தாமல் விண்ணப்பிக்க வேண்டும்.

தொகை ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர். குழந்தை வசிக்கும் மாவட்டத்தையும் வகுப்பையும் பொறுத்து இது சற்று ஏறவோ இறங்கவோ செய்யும். முழுத் தொகையும் ஒரே தடவையில் வராது. நான்கு தவணைகளாகக் கணக்கில் சேரும். பாடநூல்கள், பாடத்திட்டத் தொகுப்புகள், பகுதிநேர ட்யூஷன், தேர்வுக் கட்டணங்கள், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ பகுதிநேரமாக நடத்தும் வகுப்புகள், மாநிலத்தின் இணையவழி அரசுப் பள்ளியான புளோரிடா விர்ச்சுவல் ஸ்கூலில் கட்டணம் செலுத்திப் படிக்கும் பாடங்கள் ஆகியவற்றுக்கு இதைச் செலவிடலாம். ஆண்டு முடிவில் மீதம் இருந்தால், ஒரு வரம்புக்கு உட்பட்டு, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இதற்கு ஈடாகப் பெற்றோர் ஏற்கும் கடமைகள் மூன்று. குழந்தையை எந்தப் பள்ளியிலும் முழுநேரமாகச் சேர்க்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ‘மாணவர் கற்றல் திட்டம்’ ஒன்றை எழுதி அளிக்க வேண்டும். தேசிய அளவில் ஒப்பிடத்தக்க தேர்வு ஒன்றையோ மாநிலத் தேர்வையோ குழந்தை ஆண்டுதோறும் எழுதி, அதன் முடிவை உதவித்தொகை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். கற்றல் திட்டத்தை வெறும் படிவமாக நினைத்துக் கடைசி நாளில் நிரப்புபவர்கள் ஒரு நல்ல கருவியைக் கைநழுவ விடுகிறார்கள். குழந்தை எந்தப் பாடத்தில் எந்த நிலையில் இருக்கிறது, இந்த ஆண்டில் எதை எட்ட வேண்டும், அதற்கு எந்த நூல், எந்த ஆசிரியர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நிதானமாக எழுதிப் பார்த்தால், வாங்க வேண்டியவை எவை, ஆசைக்கு வாங்குபவை எவை என்பது அங்கேயே பிரிந்துவிடும்.

ட்யூஷன் சொல்லித் தருபவருக்கும் தகுதி வரையறை உண்டு. ஆசிரியர் சான்றிதழோ, கற்பிக்கும் பாடத்திலேயே பட்டமோ, அந்தப் பாடத்தில் தேர்ச்சியை நிரூபிக்கும் ஆவணமோ அவரிடம் இருக்க வேண்டும். கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தையை அனுப்ப முடியுமா என்றால், அவருடைய பட்டச் சான்று ஏற்கப்படும் நிலையில் இருந்து, அவர் முறையாகப் பில் கொடுத்தால் முடியும். அதேவேளை, சேவை அளிப்பவர் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோருக்குத் திருப்பித் தருவதைச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. ‘பில்லைக் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் அங்கிருந்து விலகிவிடுவதே நல்லது.

இனி ஓர் உத்தேசக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பு வயதுள்ள ஒரு குழந்தைக்கு 36 வாரக் கல்வியாண்டு என்று வைத்துக்கொள்வோம். கணித ட்யூஷன் வாரம் இரண்டு முறை, மணிக்கு 50 டாலர் என்றால் 3,600 டாலர். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி வாரம் ஒரு முறை 40 டாலர் என்றால் 1,440. தனியார் பள்ளி ஒன்றில் பகுதிநேர அறிவியல் ஆய்வக வகுப்புக்கு இரண்டு பருவங்களுக்கும் சேர்த்து 1,800. பாடத்திட்ட நூல்கள் 700. ஆண்டுத் தேர்வு 50. மொத்தம் 7,590 டாலர்; 8,000-க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் முதல் காலாண்டை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். நூல்கள் அனைத்தும் தொடக்கத்திலேயே வாங்கப்படுவதால் 700, ஆய்வக வகுப்பின் முதல் பருவக் கட்டணம் 900, ஒன்பது வாரக் கணித ட்யூஷன் 900, கட்டுரைப் பயிற்சி 360 என்று 2,860 டாலர் ஆகிறது. கணக்கில் வந்திருப்பதோ 2,000. மீதி 860 டாலரை உங்கள் கையிலிருந்து போட்டுவிட்டு, அடுத்த தவணை வந்தபின் திரும்பப் பெற வேண்டும். ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தும் செப்டம்பர் மாதத்தில் மூச்சு முட்டுவதற்குக் காரணம் இதுதான். ஒரு தவணையின் பாதியளவு தொகையையாவது முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொண்டு இத்திட்டத்தில் இறங்குவது அவசியம்.

ரசீது விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வங்கிக் கணக்கில் பணம் போனதற்கான ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. சேவை அளித்தவரின் பெயர், குழந்தையின் பெயர், எந்தத் தேதிகளில் எந்தப் பாடம், மணிக்கு எவ்வளவு, பணம் செலுத்தப்பட்டதா என்பன எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். ‘டிசம்பர் வகுப்புகள்: 400 டாலர்’ என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட பில் திருப்பி அனுப்பப்பட்டால், அதைச் சரிசெய்து மீண்டும் அனுப்பிப் பணம் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆசிரியரிடம் முதல் வகுப்புக்கு முன்பே ஒரு மாதிரிப் பில்லைக் கொடுத்து, மாதாமாதம் அதே அமைப்பில் தரும்படி கேட்டுக்கொள்வது இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

இத்தனையையும் செய்வது யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில், வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் தாயின் மேல் இந்தப் பொறுப்பு முழுவதையும் இயல்பாகச் சுமத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அவர் பட்டதாரி, நேரம் இருக்கிறது, ஆகவே அவர் பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பாடம் சொல்லிக் கொடுப்பது, வகுப்புகளுக்கு அழைத்துச் செல்வது, பில் சேர்ப்பது, தேர்வுக்குப் பதிவு செய்வது ஆகிய அனைத்தும் ஒரு முழுநேர வேலைக்குச் சமம் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி, யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொள்ளாமல் பெப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தனியார் பள்ளிக்கான தொகை

அதே 8,000 டாலர் அளவிலான தொகையைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பயன்படுத்துவது இன்னொரு வழி. வரிச்சலுகை உதவித்தொகையும், 2019-இல் உருவான ‘ஃபேமிலி எம்பவர்மெண்ட்’ உதவித்தொகையின் ‘எஜுகேஷனல் ஆப்ஷன்ஸ்’ பிரிவும் இதற்கு உரியவை. ஒன்று நன்கொடையிலிருந்தும் மற்றொன்று மாநில நிதியிலிருந்தும் வருகிறது என்பதைத் தவிரப் பெற்றோரின் பார்வையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே பொறுப்பு பள்ளியின் கைக்கு மாறுகிறது. கற்றல் திட்டம் எழுத வேண்டியதில்லை; 3 முதல் 10-ஆம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வு நடத்தும் கடமையும் பள்ளியைச் சேர்ந்தது.

ஆனால் குழந்தைக்கேற்ற கல்வி என்ற நோக்கத்தில் பார்த்தால் இந்த வழியில் பெற்றோருக்கு மிஞ்சும் இடம் குறைவு. ஆண்டுக் கட்டணம் 14,000 டாலர் வாங்கும் பள்ளியில் மீதி 6,000 டாலர் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். கட்டணத்துக்குச் சட்டம் உச்சவரம்பு விதிக்கவில்லை. சேர்க்கை தருவதா மறுப்பதா என்பதும் பள்ளியின் விருப்பம். எல்லாத் தனியார் பள்ளிகளும் அங்கீகார அமைப்புகளின் மதிப்பீட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், பள்ளியின் பெயரையும் கட்டடத்தையும் பார்ப்பதைவிட, ஆசிரியர்கள் யார், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள், கணிதத்தில் வகுப்பைவிட முன்னே போகும் குழந்தைக்கு என்ன செய்கிறார்கள் என்று நேரில் கேட்பது பயன் தரும். சிறிய வகுப்புகள் உள்ள நல்ல பள்ளி ஒன்று வீட்டருகே கிடைத்து, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால், பெப்பைவிட இதுவே அந்தக் குடும்பத்துக்கு ஏற்றது.

சிறப்புத் தேவைகள் உள்ள குழந்தை

இந்த ஒப்பீட்டில் மிக நிதானமாக எடை போட வேண்டிய பகுதி இதுவே. ‘ஃபேமிலி எம்பவர்மெண்ட்’ உதவித்தொகையின் ‘யுனீக் எபிலிட்டீஸ்’ பிரிவு, 1999-இல் தொடங்கிய மெக்கே உதவித்தொகையும் பின்னர் வந்த கார்டினர் உதவித்தொகையும் ஒன்றிணைந்து உருவானது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், செவித்திறன் அல்லது பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற நிலைகள் உள்ள குழந்தைகள், உரிமம் பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ அளித்த சான்றைக் கொண்டோ, அரசுப் பள்ளி தயாரித்த ஐ.இ.பி. என்னும் தனிநபர் கல்வித் திட்டத்தைக் கொண்டோ மூன்று வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தொகை பொதுவாகச் சுமார் 10,000 டாலர். குழந்தைக்கு எவ்வளவு ஆதரவு தேவை என்பதை மாவட்டம் 251 முதல் 255 வரையான நிலைகளில் மதிப்பிடுகிறது. மேல்நிலைகளான 254, 255 ஆகியவற்றில் தொகை 20,000 டாலரைத் தாண்டும். மருத்துவச் சான்றை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் கீழ்நிலைத் தொகையே கிடைக்கும் என்பதால், அதிக ஆதரவு தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் அந்த மதிப்பீட்டைச் செய்து தருமாறு மாவட்டத்திடம் கேட்பது மிக முக்கியம்.

பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி), இயன்முறைச் சிகிச்சை, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றுக்கும் இதைச் செலவிடலாம் என்பதும், தனியார் பள்ளி, மாவட்டத்தில் பதிவு செய்த வீட்டுக்கல்வி ஆகிய இரண்டோடும் இது பொருந்தும் என்பதும் இதன் பெரும் பலங்கள். வீட்டுக்கல்விப் பதிவை வைத்துக்கொண்டே நிதியும் பெற முடிகிற வழி இது. பெப்பில் அது முடியாது. பள்ளியின் மேதைமைப் (‘கிஃப்டட்’) பிரிவுக்குத் தேர்வான குழந்தை என்பது மட்டும் இதற்குத் தகுதி ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அப்படி எண்ணிக்கொண்டு விசாரிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாமலே போகிறது. கூட்டரசின் மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம், அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குத் தேவையான சிறப்புக் கல்வியையும் அதைச் சார்ந்த சேவைகளையும் கட்டணமின்றிப் பெறும் தனிப்பட்ட உரிமையைத் தருகிறது. பெற்றோர் தம் விருப்பத்தால் குழந்தையை வெளியே கொண்டுபோகும்போது அந்தத் தனிப்பட்ட உரிமை குழந்தையைப் பின்தொடர்ந்து வருவதில்லை. அரசுப் பள்ளியில் இருந்தபோது வாரம் மூன்று முறை பேச்சுப் பயிற்சி, வகுப்பில் உடனிருக்கும் உதவியாளர், சிறப்புப் போக்குவரத்து ஆகியவை கிடைத்துக்கொண்டிருந்தால், அவற்றை வெளிச்சந்தையில் வாங்க எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, 10,000 டாலரோடு ஒப்பிட வேண்டும். தனியார் சிகிச்சையாளரிடம் மணிக்கு 100 டாலர் என்றால், வாரம் மூன்று முறை வீதம் 36 வாரங்களுக்கு அதுவே 10,800 டாலர் ஆகிவிடும். மருத்துவக் காப்பீடு ஒரு பகுதியை ஏற்குமா என்று அறிந்த பிறகே இந்தக் கணக்கு முழுமை பெறும். பள்ளி ஐ.இ.பி.-யைத் தாளில் மட்டும் வைத்துக்கொண்டு நடைமுறையில் ஒன்றும் செய்யவில்லை என்றால் வெளியேறுவதில் இழப்பு குறைவு. உண்மையாகவே நடந்துகொண்டிருக்கும் சேவைகளைத் தொகைக்காக விட்டுவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிதியே வாங்காத வழியும் ஒரு வழிதான்

உதவித்தொகை இருக்கும்போது அதை வாங்காமல் வீட்டுக்கல்வி நடத்துவது பைத்தியக்காரத்தனம் என்று சிலர் எண்ணலாம். அப்படி இல்லை. புளோரிடாவில் மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளருக்கு, வீட்டுக்கல்வி தொடங்கிய 30 நாள்களுக்குள் அறிவிப்புக் கடிதம் அளித்து, குழந்தை செய்த வேலைகளின் தொகுப்பை இரண்டு ஆண்டுகள் பாதுகாத்து, ஆண்டுக்கு ஒரு மதிப்பீட்டை அளித்தால் போதும். அந்த மதிப்பீடு தேர்வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் தொகுப்பைப் பார்த்து, குழந்தையோடு பேசி, முன்னேற்றம் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதும் ஏற்கத்தக்கதே. தேர்வு என்றாலே உறைந்துபோகும் குழந்தைக்கு இந்த வேறுபாடு 8,000 டாலரைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். உயர்நிலை வகுப்புகளை எட்டும்போது, வீட்டுக்கல்வி மாணவர்கள் சமுதாயக் கல்லூரிகளில் இரட்டைச் சேர்க்கை வழியாகக் கல்விக் கட்டணம் இல்லாமலே கல்லூரிப் பாடங்களைப் படிக்க முடியும். பொது நூலகத்தையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களையும் நன்றாகப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு ஓரிரு ஆயிரம் டாலருக்குள் அடங்கிவிடுமானால், அந்தத் தொகைக்காகக் கற்றல் திட்டம், கட்டாயத் தேர்வு, பில் சரிபார்ப்பு ஆகியவற்றை ஏற்பதா என்பதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அரசுப் பள்ளியிலேயே தொடர விரும்புவோருக்கும் சிறு உதவி உண்டு. தொடக்க வகுப்புகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ பின்தங்கிய அரசுப் பள்ளி மாணவருக்கு ‘நியூ வேர்ல்ட்ஸ்’ கணக்கின் வழியாக 1,200 டாலர் கிடைக்கிறது. ட்யூஷனுக்கும் பயிற்சி நூல்களுக்கும் அதைச் செலவிடலாம். குழந்தைக்குத் தடுமாற்றம் ஒரே பாடத்தில்தான் என்றால், பள்ளியை மாற்றுவதற்கு முன் இதை முயன்று பார்ப்பது அறிவுடைமை. புளோரிடா விர்ச்சுவல் ஸ்கூலின் முழுநேரப் பிரிவு வீட்டிலிருந்தே படிப்பதாக இருந்தாலும் சட்டப்படி அது அரசுப் பள்ளியே. அதில் சேர்ந்துவிட்டுப் பெப் நிதியும் பெற முடியாது.

வேறு மாநிலத்தில் இருப்போருக்கும் மாறப்போவோருக்கும்

வேலை நிமித்தம் மாநிலம் மாறும் குடும்பங்கள் ஒவ்வொரு மாநிலத்தின் விதியும் அடிப்படையிலேயே வேறு என்பதை அறிந்திருக்க வேண்டும். அரிசோனா 2011-இல் நாட்டிலேயே முதன்முதலாக இத்தகைய கல்விக் கணக்கைத் தொடங்கி, 2022-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொகை 7,000 முதல் 8,000 டாலர் வரை. ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். மாநிலம் தேர்வைக் கட்டாயமாக்கவில்லை. பெற்றோரின் விருப்பப்படி கல்வியை அமைப்பதற்கு அதுவே மிகத் தளர்வான திட்டம் என்பது என் மதிப்பீடு.

டெக்சாஸில் 2025 மே 3 அன்று கையெழுத்தான சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கீட்டுடன் 2026-27 கல்வியாண்டிலிருந்து தொடங்குகிறது. தனியார் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு 10,000 டாலருக்கு மேல், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு 30,000 டாலர் வரை, ஆனால் வீட்டிலேயே படிக்கும் குழந்தைக்கு 2,000 டாலர்தான் உச்சம். ஆகவே ஆர்லாண்டோவில் பெப் நிதியோடு கல்வி நடத்திய குடும்பம் டாலஸுக்கு மாறினால் அதே முறையைத் தொடரக் கையிலிருந்து பெரும்பகுதியைப் போட வேண்டிவரும். குழந்தை குடிமகனாகவோ சட்டப்படி நாட்டில் அனுமதிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை. விசாவில் வாழும் குடும்பங்கள் குழந்தையின் குடிவரவு ஆவணங்களை விண்ணப்பத்துக்கு முன் சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஜார்ஜியாவில் 6,500 டாலர் கிடைக்கிறது என்றாலும், செயல்திறனில் கீழ்மட்டத்தில் உள்ள 25 விழுக்காட்டுப் பள்ளிகளின் எல்லைக்குள் வசிப்போருக்கே அது உரியது. நல்ல பள்ளி வட்டாரம் என்று தேடி வீடு வாங்கிய குடும்பம் அதனாலேயே தகுதி இழக்கிறது. வட கரோலினாவின் பொது உதவித்தொகை தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டுமே.

இவ்வகை நிதி நிலையானது என்றும் எண்ணிவிடக் கூடாது. இல்லினாய் மாநிலத்தின் வரிச்சலுகை உதவித்தொகைத் திட்டம் 2023 டிசம்பர் 31 உடன் முடிவுக்கு வந்தது. யூட்டாவின் திட்டத்தை 2025 ஏப்ரலில் அங்குள்ள நீதிமன்றம் ஒன்று மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, மேல்முறையீடு நடக்கும்போது அது தொடர அனுமதித்தது. ஐந்தாண்டுத் திட்டமாக ஒரு குழந்தையின் கல்வியை எழுதும்போது, நிதி ஒரு வருடம் நின்றால் எந்த வகுப்பை விடுவது, எதை எப்படியும் தொடர்வது என்றும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா, நியூஜெர்சி மாநிலங்களில் இத்தகைய அரசு உதவித்தொகை இல்லை. கலிபோர்னியாவில் வீட்டிலிருந்து படிக்க இடம் தரும் சார்ட்டர் பள்ளிகள் (அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் இயங்குபவை) பாடப்பொருள்களுக்கு ஒரு தொகையை ஒதுக்குகின்றன, ஆனால் அங்கே குழந்தை அரசுப் பள்ளி மாணவரே.

உதவித்தொகை கிடைக்காத இடங்களில், கல்விச் செலவுக்காக வரிச்சலுகையோடு பணம் சேர்க்கும் 529 சேமிப்புக் கணக்கு ஓரளவு கைகொடுக்கும். 2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டரசுச் சட்டம் அதிலிருந்து பள்ளிக் கல்விக்கு எடுக்கக்கூடிய தொகையை 2026 முதல் ஆண்டுக்கு 20,000 டாலராக உயர்த்தி, பாடநூல், ட்யூஷன் போன்றவற்றையும் அதில் சேர்த்தது. அதே சட்டம், உதவித்தொகை அமைப்புகளுக்கு நன்கொடை அளிப்போருக்கு 2027 முதல் 1,700 டாலர் வரை வரிக்கழிவு தருகிறது. இதில் இணைவதா என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்யும்.

வரிசை தவறாமல்

புளோரிடாவில் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் பிப்ரவரி 1 அன்று திறக்கிறது. ஏற்கெனவே பெறுவோர் ஏப்ரல் 30-க்குள் புதுப்பிக்க வேண்டும். எனவே ஜனவரிக்குள்ளேயே பள்ளி நிலையை முடிவு செய்துவிடுவது நல்லது. குழந்தைக்குச் சிறப்புத் தேவை இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் பெப்புக்கு விண்ணப்பிக்கும் முன் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். யுனீக் எபிலிட்டீஸ் தொகையும் அதன் பயன்பாடும் பெப்பைவிட விரிவானவை. அரசுப் பள்ளியில் இருக்கும் குழந்தையை, உதவித்தொகை அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் பள்ளியிலிருந்து விலக்க வேண்டாம். பள்ளியின் கோப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல், ஐ.இ.பி., தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றின் நகலை விலகும் நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வீட்டுக்கல்வியிலிருந்து பெப்புக்கு மாறுவோர், வீட்டுக்கல்வி முடிவுக்கு வந்ததாக 30 நாள்களுக்குள் மாவட்டத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதோடு அந்த ஆண்டின் மதிப்பீட்டையும் அளிக்க வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்ததற்கான ஒப்புதலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பெப்பிலிருந்து அரசுப் பள்ளிக்குத் திரும்புவதாக இருந்தால், பள்ளியில் சேரும் நாளுக்கு முன் உதவித்தொகை அமைப்புக்குத் தெரிவித்து, அதுவரை நடந்த வகுப்புகளுக்கான பில்களை அனுப்பி முடித்துவிட வேண்டும்.